டாக்டரிடம் இதையும் சொல்லிவிடுங்கள்

மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலையில் நடப்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். "வெறும் வயித்துல 160, சாப்பிட்டப்புறம் 240" என்று ரத்தச் சர்க்கரையை ஊரறியச் சொல்வார்கள். "ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டல, மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது" என்று மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதைச் சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரை தள்ளிப் போடாமல் இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சென்னையில் 25,000 பேருக்கு மேல் விசாரித்த 'க்யூர்ஸ்' ஆய்வில் 15.1 சதவீதம் பேரிடம் மனச்சோர்வு தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். மனம் சோர்ந்தால் மாத்திரை தவறும், நடை நின்றுபோகும், இன்சுலின் ஊசியை எடுக்கவே கை வராது. மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசால் தன் பங்குக்குச் சர்க்கரையை ஏற்றும். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மருந்தைக் கூட்டுவார். உள்ளே நடப்பதை நீங்கள் சொல்லாதபோது அவர் வேறென்ன செய்வார்?

சர்க்கரை கிளினிக்கில் என்ன நடக்கிறதென்று உங்களுக்கே தெரியும். காலையில் ரத்தம் கொடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி டிபன் டப்பாவைத் திறந்து, ஆறிய இட்லியைச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி கையை நீட்டுகிறீர்கள். பிறகு டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்றதும் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று வந்துவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஃபைலின் பின்பக்கம் எழுதுங்கள்: தூக்கம், பசி, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை. 'செத்தால் தேவலை' என்று தோன்றினால் அதையும் எழுதுங்கள். சொல்ல நா எழாவிட்டால் தாளை அவர் முன் நீட்டுங்கள், போதும்.

சொன்னால் பலன் உண்டு. இந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில், சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனுக்கும் அதில் பங்குண்டு. டாக்டர்களோடு ஒரு பராமரிப்பாளரும் சேர்ந்து இரண்டையும் விடாமல் கவனித்த குழுவில், 24 மாத முடிவில் 71.6 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாவது குறைந்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் இவற்றில் ஒன்றாவது இறங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 57.4 சதவீதம். 2020இல் 'ஜாமா' இதழில் வெளிவந்த முடிவு இது.

வீட்டிலுள்ளவர்களே, "வாயைக் கட்டத் தெரியாதா?" என்ற கேள்வியை இன்றோடு விடுங்கள். கல்யாணப் பந்தியில் நாலு பேர் முன் அப்பாவின் இலையிலிருந்து ஜாங்கிரியை எடுக்காதீர்கள். அன்றிரவு அவர் மாத்திரையையும் சேர்த்து ஒதுக்கிவைப்பார். சுகர் எவ்வளவு என்று கேட்கும் வாயால் மனசு எப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்து போகாதீர்கள். டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்திருந்ததா, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்ற இரண்டு கேள்விக்கு ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடத்தைத் தாருங்கள்.

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். ராத்திரி தாங்க முடியாமல் போனால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416க்கு எந்நேரமும் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சிநேகா'வின் எண் 044-24640050. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், உங்கள் அம்மாவின் போனிலும்.