காலடி நிலத்தை அறிதல்

கல்லையும் மண்ணையும் பற்றிய விஞ்ஞானம் சாதாரண மனிதனுக்கு எதற்கு என்று கேட்போர் நம்மிடையே பலருளர். சுரங்கம் தோண்டுவோருக்கும் அணை கட்டுவோருக்கும் அது வேண்டும். உழுபவனுக்கும் கொழுந்து பறிப்பவளுக்கும் வலை வீசுபவனுக்கும் அதனால் ஆவதென்ன என்பது அவர்கள் வாதம். மேலோட்டமாக நோக்குமிடத்து இது நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆயினும், இக்கேள்வியினுள் மிகப் பழைய கருத்தொன்று மறைந்திருக்கிறது. நிலத்தின் மேல் உழைப்பது ஒருசாராரின் கடமை. நிலத்தை அறிவதும் அதைப் பற்றித் தீர்மானிப்பதும் வேறொரு சாராரின் உரிமை என்பதே அக்கருத்து. ஆகவே, புவிச்சரிதவியலின் அடிப்படைகளைப் பொதுமக்கள் கற்க வேண்டுமா என்பதைப் பாடத்திட்டம் பற்றிய கேள்வியாக மட்டும் கொள்வதற்கில்லை. அது ஓர் அறக் கேள்வியுமாகும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் வீடுகளை மூடியது. தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் பல மண்ணுக்குள் புதையுண்டன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுட் சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. நாடு முழுவதும் இரங்கியது. "இயற்கையின் சீற்றம்" என்றார் சிலர்; "விதி" என்றார் வேறு சிலர். ஆனால், அவ்விடம் குடியிருப்புக்கு உகந்ததன்று என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படியாயின் நிகழ்ந்ததை விதி என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்? முன்கூட்டி அறியப்பட்ட ஒன்று, அறியப்பட்ட பின்னரும் தடுக்கப்படாதபோது, அதன் பெயர் விதியன்று, பொறுப்பின்மை.

மலை ஏன் சரிகிறது என்பது அறிதற்கரிய இரகசியமன்று. மத்திய மலைநாட்டின் அடித்தளம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கடும்பாறை. அப்பாறை வெயிலாலும் மழையாலும் சிதைந்து, அதன்மேல் தடித்த மண்படையொன்று உருவாகியிருக்கிறது. முன்னொரு காலத்துச் சரிவுகளில் உருண்டுவந்த கல்லும் மண்ணும் சில சரிவுகளில் அடிவாரம் வரை குவிந்து கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் காடுகள் அழிக்கப்பட்டபோது, மண்ணைப் பற்றிநின்ற ஆழ்ந்த வேர்கள் அகன்றன. பெருமழையில் நீர் மண்ணுள் இறங்கி, கீழுள்ள பாறையால் தடுக்கப்பட்டுத் தேங்குகிறது. மண்ணின் பாரம் மிகுகிறது. துணிக்கைகளிடையே நீரின் அழுத்தம் உயர, அவற்றைப் பிணைத்துநிற்கும் பிடிப்புத் தளர்கிறது. நிலத்திலே வெடிப்புகள் தோன்றும், மரங்கள் சாயும், நீரில்லாத இடத்திற் புதிய ஊற்றுக் கிளம்பும், தெளிந்த ஊற்றுக் கலங்கும், கதவு நிலையோடு பொருந்தாது இறுகும். இவற்றை வாசிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கும் கற்பித்துவிடலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழுவது இயல்பு. அம்மக்கள் அறிந்திருந்தாலும் என்ன செய்திருப்பர்? வேறிடத்தில் வீடு கட்ட அவர்களுக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்ததா? நாட்கூலியை விட்டு எங்கே போவர்? இம்மறுப்பு வலிமையானது, அதை மழுப்பிச் செல்வது நேர்மையாகாது. நிலமற்றவனுக்கு நிலத்தைப் பற்றிய அறிவு மட்டும் புகலிடமாகிவிடாது. வறுமையினால் விளையும் மரணத்தை அறியாமையின் மீது சுமத்துவது, இறந்தவர்களையே குற்றவாளிகளாக்கும் கொடுமையுமாகும். எனினும், இம்மறுப்பு கல்வியைத் தேவையற்றதாக்கவில்லை. அக்கல்வி எதற்காக என்பதையே தெளிவுபடுத்துகிறது. எச்சரிக்கை அலுவலகக் கோவைக்குள் கிடக்கும்வரை அது வெறுங் காகிதம். அது மக்களின் அறிவாக மாறும்போது கோரிக்கையாகிறது. "எங்களுக்கு உதவுங்கள்" என்று இரந்து நிற்பவனுக்கும், "இச்சரிவு இன்ன காரணத்தால் அபாயமானது, இது உங்களுக்கும் தெரியும், மாற்றுக் காணி எங்கே?" என்று கேட்பவனுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. முன்னவனுக்கு அனுதாபம் காட்டி அனுப்பிவிடலாம். பின்னவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மலையகச் சரிவுகள் பல மீண்டும் பெயர்ந்து மனித உயிர்களைக் கொண்டுபோயின என்பதை நினைக்கையில், அந்தப் பதில் எத்துணை அவசரமானது என்பது புலப்படும்.

மலையில் அறிவு தனித்துநின்று காக்க இயலாது என்றோம். கடற்கரையில் அறிவொன்றே காத்த நிகழ்ச்சிகளும் உள. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி அதிர்ந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தின் பின்னரே ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. 30,000க்கும் மேற்பட்டோர் இந்நாட்டில் மாண்டனர். அலைக்கு முன் கடல் உள்வாங்கிய இடங்களில், வெளித்தெரிந்த கடலடியைக் காண மக்கள் கரையை நோக்கி ஓடினர். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற் தீவுக் கடற்கரையொன்றில் பத்து வயது ஆங்கிலச் சிறுமியொருத்தி, கடல்நீர் விந்தையாக நுரைத்து ஏறுவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் வகுப்பறையிற் கற்ற பாடம் அவள் நினைவுக்கு வந்தது. அவள் சொல்லக் கேட்டுக் கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் விலகி உயிர் தப்பினர். அதிர்ச்சியின் மையத்துக்கு மிக அருகிலிருந்த சிமெலுவே தீவிலோ பாடசாலைப் பாடங்கூடத் தேவைப்படவில்லை. 1907ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவை "ஸ்மொங்" என்னும் ஒரு சொல்லில் அடக்கிப் பாட்டன் பேரனுக்குச் சொல்லி வந்தான். நிலம் நெடுநேரம் அதிர்ந்து கடல் வற்றினால் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் பொருள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அன்று இறந்தோர் ஒரு சிலரே. புவியைப் பற்றிய அறிவு நிபுணரின் உடைமையாகவே பிறந்ததன்று. மக்களின் உடைமையாகவும் அது வாழ்ந்திருக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இதுவரை கூறியவற்றில், மக்கள் இடருக்கு ஆளாவோராகவே நின்றனர். நமது செயலாலேயே கேடு விளையும் இடமும் உண்டு. அதற்கு யாழ்ப்பாணக் குடாநாடு தக்க உதாரணம். இங்கு வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. செம்மண்ணின் கீழே கிடப்பது மயோசின் காலத்தில், அதாவது 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல். காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டு மழைநீரிற் கரைந்து அதனை மென்மையான அமிலமாக்க, அந்நீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லமெல்லக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கியிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கேணி அவ்வாறு உண்டானதே. அங்கு இடப்பட்ட பொருள் கீரிமலையில் மிதக்கும் என்னும் செவிவழிக் கதையை நாம் கட்டுக்கதையென்று தள்ளிவிடுகிறோம். நிலத்தின் கீழ் நீருக்கு வழிகள் உண்டு என்னும் முன்னோரின் உய்த்துணர்வு அக்கதைக்குள் இருக்கின்றது.

மழைநீர் இக்கல்லினூடே இறங்கி, பாரம் மிகுந்த கடல்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. அவ்வில்லையே குடாநாட்டின் உயிர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது இதன் கணக்கு. எனவே, அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஓரடி நிரந்தரமாகத் தாழுமாயின், கீழிருந்து உவர்நீர் 40 அடி வரை மேலெழக்கூடும். துலாவினாலும் மனித வலுவினாலும் இறைத்த காலத்தில் உடல் உழைப்பே அதற்கு எல்லை வகுத்தது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அந்த எல்லை அகன்றது. அறிவு மட்டுமே இனி எல்லையாக இருக்க முடியும். மேலும், கல்லின் வெடிப்புகளினூடே நீர் மட்டுமன்றி, தோட்டத்துக்கிட்ட இரசாயன உரமும் மலக்குழியின் கசிவும் விரைந்து இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் அனுமதிக்கும் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிக்கிராம்; குடாநாட்டின் பல கிணறுகளில் அவ்வளவு கடந்துவிட்டது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது.

இவ்விடத்தில் விஞ்ஞானம் நேராக அறத்தின் வாசலுக்கு வந்துவிடுகிறது. "என் காணி, என் கிணறு, என் நீர்" என்று நாம் பேசுகிறோம். காணிக்கு வேலியுண்டு; கிணற்றுக்குக் கட்டுண்டு; கீழேயுள்ள நீருக்கு இரண்டுமில்லை. ஒருவர் இறைக்கும்போது அயலவரின் நீரும் அசைகிறது. ஒருவரின் குழி மற்றவரின் குடத்தை நஞ்சாக்குகிறது. உயர்சாதியார் கிணற்றில் அள்ளவிடாது ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுத்து, அவர்கள் குடத்துடன் காத்து நிற்கச் செய்த வரலாறு நம்முடையது. தீட்டு என்று சொல்லி மேலே பிரித்த அந்த நீர், கீழே எக்காலமும் பிரியாது ஒன்றாகவே கிடந்தது. சாதி பொய் என்பதற்கு நிலத்தடியே சாட்சி சொல்கிறது. இதனை அறிந்த ஒருவர் இறைப்பின் அளவையும் மலக்குழி தோண்டும் தூரத்தையும் தம் சொந்த விவகாரமென்று இனிக் கருத முடியாது.

காலத்தைப் பற்றிய நமது எண்ணத்தையும் இக்கல்வி திருத்துகிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் முந்திய குடி நாமென்று மேடைகளில் முழங்குவோரும், இத்தீவு ஆதிமுதல் தமக்கே உரியதென்று உரிமை பேசுவோரும் நம்மிடையே உண்டு. கொண்டுவானாப் பெருநிலம் ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உடையத் தொடங்கும்வரை இத்தீவின் பாறைகள் இந்தியாவுடனும் மடகாஸ்கருடனும் அன்ராட்டிக்காவுடனும் சேர்ந்தே கிடந்தன. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையதிலும் 100 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது, பாக்கு நீரிணை கால்நடையாகக் கடக்கக்கூடிய நிலமாயிருந்தது. மனித இனத்தின் வயதோ மூன்று இலட்சம் ஆண்டுகள் அளவே. இக்கணக்கின் முன் எந்த இனத்தின் ஆதிப்பெருமையும் நிற்காது. நாம் எல்லோரும் பின்னர் வந்தவர்களே. ஆயினும், ஒரு குடும்பம் தலைமுறைகளாக உழைத்த நிலத்தில் அதற்குள்ள உரிமையை இந்த நெடுங்காலக் கணக்கு அழித்துவிடாது. உரிமை உழைப்பிலிருந்தும் வாழ்விலிருந்தும் பிறப்பது. பாறையின் வயதிலிருந்து அன்று.

கலை வரலாற்றறிஞராக மட்டுமே நம்மிற் பலர் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றினார். தோரியனைற்று என்னும் கனிப்பொருளைக் கண்டறிந்தவரும் அவரே. பாறை தேடிக் கிராமங்களினூடே நடந்த அவர், அக்கிராமங்களின் கைவினைஞரையும் கண்டார். அவர்தம் கலை நலிவதையும் கண்டார். நிலத்தை ஊன்றிப் பார்க்கப் பழகிய கண் அதன்மேல் வாழும் மனிதரையும் பார்க்கத் தவறவில்லை. கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் நம் கல்விமுறை இதைச் சிந்திக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது என்ன? புவியியற் பாடத்தில் பாறை வகைகளின் பெயர்களை மாணவர் மனனம் செய்து, பரீட்சையோடு மறந்துவிடுகின்றனர். பெயர்கள் பின்னர் வரட்டும். முதலில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை தேடட்டும். என் காலடியில் என்ன கிடக்கிறது? அதனூடே நீர் எவ்வாறு செல்கிறது? இந்நிலம் முன்பு எவ்வாறு மாறியது, இனி எவ்வாறு மாறக்கூடும்? இவற்றுக்கு விலையுயர்ந்த ஆய்வுகூடம் தேவையில்லை. ஊர்க் கிணறும் வீதிக்கு வெட்டிய மண்மேடும் கடற்கரையும் போதும். இக்கேள்விகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நான்காவது கேள்வியைத் தானாகவே கேட்கும்: இந்நிலத்தைப் பற்றித் தீர்மானிப்பவர் யார், எம்மைக் கேட்டுத்தானா தீர்மானிக்கிறார்? பாறைக் கல்வி பொதுமக்களுக்கு வேண்டாம் என்போரிற் சிலர் அஞ்சுவதும் அந்த நான்காவது கேள்விக்கே போலும். அதைக் கேட்கக்கூடிய மக்களை உருவாக்குவது நமது கடமை.