அதிபத்தரின் சுற்றம்

நாகைக் கடற்கரையில் நுளைப்பாடி அதிபத்தர் தினமும் வலையில் பட்ட மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவார். பிறகு நாளுக்கு ஒரு மீனே பட்டது, அதையும் விட்டார். கடைசியில் பட்டது பொன்னும் மணியுமான மீன். அதுவும் கடலுக்கே போயிற்று. கண்ணைப் பெயர்ப்பதும் பிள்ளையை அரிவதுமான பெரியபுராணக் கதைகளுக்கு நடுவே இது சாதுவான கதையாகத் தோன்றும். சாதுவானதல்ல.

உணவின்றிச் சுற்றம் வாடியதையும், அவர் வருந்தாமல் மீனை விட்டு மகிழ்ந்ததையும் சேக்கிழார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நம் பிரசங்கிகள் அந்த மூச்சையும் விடுவதில்லை. நேராகப் பொன்மீனுக்குப் போய்விடுகிறார்கள். பொன்னைத் துறப்பது தன் ஆசையைத் துறப்பது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய நாட்களின் ஒற்றை மீன் அவருடையது மட்டும்தானா? சிறுத்தொண்டர் கதையில் மனைவியும் உடந்தை. பிள்ளையும் உயிரோடு திரும்பி வருகிறான். இங்கே பசித்தவர்களை யாரும் கேட்கவில்லை. அதிபத்தருக்குச் சிவலோகம் கிடைக்கிறது. சுற்றம் என்ன ஆயிற்று என்று புராணம் நின்று பார்ப்பதில்லை.

பக்தனின் அனுபவத்தை உள்ளிருந்து எழுதியவர்கள் நம்மிடம் ஏராளம். அவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்க நேர்ந்தவர்களின் அனுபவம்? வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' ஒரு பதில். வல்லத்தை விற்க மறுக்கும் தகப்பனை அது பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பார்க்கிறது. வல்லம் அவனுக்குத் தெய்வத்துக்குக் குறைந்ததல்ல. இன்னொரு பதில் ஆங்கிலத்தில் இருக்கிறது: நார்மன் மக்லீனின் 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' (1976). சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்து ஓய்வுபெற்றவர், எழுபது வயதுக்கு மேல் வெளியிட்ட முதல் கதைப் புத்தகத்தில் வந்தது.

மொன்டானாவில் ஒரு பாதிரியார். வேதப் பாடத்துக்குச் சமமாகத் தம் இரண்டு மகன்களுக்கும் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்கிறார், மெட்ரோனோம் வைத்துத் தாளம் தப்பாமல். முள்ளில் இரை கிடையாது. பூச்சிபோல் தோன்றும்படி இறகும் ரோமமும் கட்டியிருக்கும். கயிறு காற்றில் சுழன்று போய் நீர்மேல் இறங்குவதில்தான் எல்லாம். எங்கள் சண்முகநதியில் மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுப் பீடி பற்றவைக்கிற சாவகாசம் இதில் இல்லை. சிரத்தையால் கைகூடும் இந்த லாவகத்தில் கடவுளின் கிருபை இருக்கிறது என்பது தகப்பனின் விசுவாசம். அது இளையவன் பாலிடம் பூரணமாகக் கைகூடுகிறது. அவன்தான் குடிக்கிறான், சூதாடுகிறான், கடைசியில் அடித்துக் கொல்லப்படுகிறான். (மக்லீனின் தம்பி கொலையுண்டது 1938இல், சிகாகோவில்.) கரையில் நிற்கும் அண்ணனுக்கு அவன் வீசுவதைப் பார்க்க முடிகிறது, உதவ முடியவில்லை. உதவியை அவன் வாங்கிக்கொள்வதில்லை.

கலை நேர்த்தி வாழ்க்கையையும் நேராக்கிவிடும் என்று நம்மில் பலர் வெளியே சொல்லாமல் நம்பிக்கொண்டிருக்கிறோம். கைகூடிய கிருபை அவனைக் கரை சேர்க்கவில்லை என்று எழுதிவிட்டு, அப்போதும் அதைக் கிருபை என்றே மக்லீன் சொல்கிறார். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தால் உபதேசமாகவோ நிந்தையாகவோ போயிருக்கும்.

பழனியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பதில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு பழத்துக்காகத் தாய் தகப்பனிடம் கோபித்துக்கொண்டு மலையேறி, சமாதானத்துக்கு வந்தவர்களோடு திரும்பிப் போகாத பிள்ளையின் ஊர் இது. அவன் தெய்வமாகிவிட்டதால் கதை நமக்கு அங்கே முடிந்துவிடுகிறது, காவடி எடுக்கிறோம். கைலாசத்துக்கு வெறுங்கையோடு திரும்பியவர்கள் அன்றிரவு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்த ஸ்தலபுராணத்திலும் இடம்பெறக்கூடிய விஷயமல்ல.

பாதிரியாருக்கு அந்த வசதி இல்லை. பிணத்தின் கை எலும்புகள் நொறுங்கியிருந்தன என்று மூத்தவன் சொல்கிறான். வாசல்வரை போன கிழவர் திரும்பி, அது நிச்சயம்தானா என்கிறார். பிறகு, எந்தக் கை என்று கேட்கிறார். வலது கை.