எந்த வருஷத்து நகல்?

பட்டுக்கோட்டையில் ஒரு சின்னக் கடை. தங்கை மகளின் மடிக்கணினிக்கு ஹார்டு டிஸ்க் மாற்ற அங்கே போயிருந்தேன். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது அது. சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் அதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைப் பையன் அதை அணைக்காமலே, இயங்குதளம் முதல் அவளுடைய படங்கள் வரை எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு நகல் எடுத்தான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடிந்ததென்று நான் எழுந்தபோது, அதே கட்டளையை மறுபடியும் கொடுத்தான்.

"ஓடிக்கிட்டே இருக்குல்ல சார்? நாம எடுக்கிறப்பவே உள்ளே மாறிக்கிட்டு இருக்கும். ரெண்டாந் தடவை மாறினது மட்டும் போகும்" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். முதல் நகலில் ஒரு கோப்பு பத்து மணிக்கு இருந்தபடி இருக்கும். இன்னொன்று பத்தே முக்காலுக்கு இருந்தபடி. ஆனால் அந்த உருவத்தில் அந்தக் கணினி எந்த நிமிஷத்திலும் இருந்ததில்லை. துண்டு துண்டாகப் பார்த்தால் எல்லாம் மெய். சேர்த்துப் பார்த்தால் பொய்.

மனிதர்களை நாம் அறிந்து வைத்திருப்பதும் இப்படித்தானே? எங்கள் பக்கத்தில் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன பிள்ளைகள் அநேகம். ஊர் திரும்பும் மகனுக்குத் தாய், இருபது வயதில் அவனுக்குப் பிடித்ததைச் சமைத்து வைக்கிறாள். அவன் மனத்திலோ, இரண்டு குடம் தண்ணீரைச் சேர்ந்தாற்போல் தூக்கி வந்த அம்மா இருக்கிறாள். இருவரிடமும் இருப்பது பழைய நகல். இதில் யாரைக் குற்றம் சொல்ல?

பெரியபுராணத்தில் ஒரு காட்சி. காவிரிக் கரையில், சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்துபோகிறான். அழும் பசுக்களுக்கு இரங்கி அவன் உடம்பில் புகுந்த யோகி, மாலையில் அவற்றை ஊர் சேர்க்கிறார். மனைவி வந்து அழைக்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகுகிறார் அவர். முகம் அதே முகம்தான். பாவம், அவளிடம் இருந்தது காலையில் எடுத்த நகல்!

கணினியை நிறுத்திவிட்டு எடுத்தால் நகல் பிசகாது. இறந்தவர்களைப் பற்றி நாம் அவ்வளவு உறுதியாகப் பேசுவதும் அதனால்தான். அவர்கள் இனி மாறப்போவதில்லை. உயிரோடிருப்பவர்களை நிறுத்தி வைக்க முடியாது. மறுபடியும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். ஒருவரை அறிவது, ஒரு தடவை சம்பாதித்துப் பெட்டியில் பூட்டிக்கொள்ளும் சொத்து அல்ல. உறவு இருக்கும்வரை செய்துகொண்டே இருக்க வேண்டிய கடமை.

"உன்னை எனக்குத் தெரியாதா?" என்று அண்ணனிடமோ மனைவியிடமோ சீறுகிறோமே, அப்போது ஒரு கணம் நின்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்: தெரியும், வாஸ்தவம், ஆனால் எந்த வருஷத்து நகல்?