வழுக்கம்பாறையும் சேப்பாக்கமும்

மனத்துக்கு மிகவும் பிடித்த ஒருவரைக் குறை சொல்லலாமா? ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் வடசேரியிலிருந்து களியக்காவிளை வரை டீக்கடை பெஞ்சுகளில் அன்றாடம் அடிபடும் கேள்வி இது. ‘தல ஏன் இவ்வளவு பின்னால இறங்குதாரு?’ என்று தோனியைப் பற்றி ஒருவர் வாய்திறந்தால் போதும். அவர் கேட்டது நியாயமா என்று பார்ப்பார் இல்லை. ‘நீ உண்மையான ரசிகனாடே?’ என்று திருப்பிக் கேட்டுவிடுவார்கள். ஆட்டத்தைப் பற்றிய கேள்வி கண்மூடித் திறப்பதற்குள் விசுவாசத்தைப் பற்றிய கேள்வியாகிவிடும். இதைப் பார்க்கிற படித்தவர்கள், கிரிக்கெட் நம் ஊரில் மதமாகிவிட்டது, தோனி கடவுளாகிவிட்டார், அதுதான் கோளாறு என்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. மதத்தின்மேல் இந்தப் பழியைப் போடுவது அநியாயம். நாஞ்சில் நாட்டுப் பக்தி தன் தெய்வங்களுக்கே கொடுக்காத ஒரு சலுகையைத்தான் இந்த ரசிகர்கள் ஒரு விளையாட்டு வீரருக்குக் கேட்கிறார்கள்.

நடந்ததை முதலில் பார்த்துவிடலாம். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி 196 ரன் எடுத்தது. துரத்திய சென்னை அணியின் விக்கெட்டுகள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்தபோது எட்டாவது ஆளாக வந்தவர் பந்துவீச்சாளர் அஸ்வின். ஏழு விக்கெட் போன பிறகு, ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கி 16 பந்தில் 30 ரன் அடித்தார். அரங்கம் அதிர்ந்தது. அணி 50 ரன் வித்தியாசத்தில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு ஜெயித்தது அன்றுதான். 16 பந்தில் 30 அடிக்க முடிந்தவர் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்ன என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தோன்றக்கூடிய சந்தேகம். இரண்டு நாள் கழித்துக் குவாஹாட்டியில் ராஜஸ்தானிடமும் தோற்ற பிறகு, பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் இதற்கு விளக்கம் சொன்னார்: தோனியின் உடம்பும் முழங்காலும் பழையபடி இல்லை, பத்து ஓவர் முழுமூச்சாக ஓடி ஆட அவரால் முடியாது என்று. 2023-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 43 வயதான ஒருவரைப் பற்றிய நேர்மையான விளக்கம் அது. அதை ஏற்கலாம், அப்படியானால் அந்த இடத்தை ஏன் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்று மேலே கேட்கவும் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், பதில் சொல்லத் தக்கது என்று பயிற்சியாளரே கருதிய ஒரு கேள்வியை, கேட்கவே கூடாத கேள்வி என்கிறார் ரசிகர்.

இந்த 2025 முடிவின் பக்கத்தில் இன்னொரு முடிவை வைத்துப் பார்க்க வேண்டும். 2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே அரங்கம், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இலங்கை எடுத்தது 274. இந்தியா 114 ரன்னில் மூன்றாவது விக்கெட்டை இழந்தது. தொடர் முழுக்க அருமையாக ஆடிவந்த யுவராஜ் சிங்கை உட்காரவைத்துவிட்டு, தோனி தானே ஐந்தாவது ஆளாக இறங்கினார். அந்தத் தொடரில் அதுவரை அவர் ஒரு அரைசதம்கூட அடித்திருக்கவில்லை. அன்று 79 பந்தில் 91 ரன், ஆட்டமிழக்காமல். கடைசிச் சிக்சரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்; ஆட்டம் தெரிந்தவர்கள் அந்த இறங்குமுறையைத்தான் அதிகம் மெச்சுவார்கள். ஏன் மெச்சுகிறோம்? அது தவறாகப் போயிருக்கக்கூடிய முடிவு என்பதால். முதல் பந்திலேயே அவுட்டாகியிருந்தால் நாடே அவரைத் திட்டியிருக்கும். அது தெரிந்தே அவர் அந்தப் படியில் இறங்கினார். எப்போது இறங்குவது என்ற அதே வகை முடிவுதான் 2025-இலும் எடுக்கப்பட்டது. 2011-இல் எடுத்தது அவருடைய துணிச்சல், 2025-இல் எடுத்தது யாரும் பேசக்கூடாத விஷயம் என்று எப்படிப் பிரிப்பது? ஒருவர் செய்வது தவறவே வாய்ப்பில்லை என்றால், சரியாக வந்ததற்கு அவரைப் பாராட்டவும் காரணமில்லை. சூரியன் உதித்ததற்கு நாம் கைதட்டுவதில்லை. பழிக்கு இடமே இல்லாத உயரத்தில் தோனியை ஏற்றிவைக்கிறவர், தெரியாமலேயே வான்கடேயின் 91 ரன்னையும் அவரிடமிருந்து பறித்துக்கொள்கிறார்.

சென்னையில் தோனிக்குக் கோயில் கட்டுவார்கள் என்று 2024-இல் அவருடைய பழைய அணித்தோழர் அம்பத்தி ராயுடு சொன்னார். கட்டட்டும். ஆனால் நம் கோயில்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு கட்டினால் நல்லது. சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் வழுக்கம்பாறை இருக்கிறது. குமரியம்மனை மணக்க நள்ளிரவு முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட சிவபெருமான் அங்கே வந்துகொண்டிருந்தபோது, நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டது என்று நம்பிச் சுசீந்திரத்துக்கே திரும்பிவிட்டார் என்பது இந்த மாவட்டத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. பாணாசுரனைக் கன்னியால்தான் கொல்ல முடியும், ஆகவே தேவர்கள் போட்ட திட்டம் அது என்று கதை சமாதானம் சொல்லும். ஆனாலும் முகூர்த்தம் தவறியது தவறியதுதான். கல்யாணத்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாகிக் கடற்கரையில் கிடக்கின்றன. ஏமாந்து திரும்பிய மாப்பிள்ளை என்று கதை சொல்லும் அதே வாய்தான் சுசீந்திரம் தாணுமாலயன் சந்நிதியில் தேவாரமும் பாடுகிறது. அந்தத் தலத்தின் புராணமே இந்திரன் அகலிகை விஷயத்தில் செய்த பிழைக்குக் கழுவாய் தேட வந்ததைச் சொல்கிறது. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவுக்குப் போனால் இன்னும் தெளிவாகப் புரியும். மாவிசக்கி என்ற பெண்ணை மாடன் கெடுத்த கொடுமையை, வில்லுப்பாட்டு வில்லை மாடனின் முன்னாலேயே வைத்துக்கொண்டு புலவர் பாடுவார். குடத்தின் தாளத்தோடு ஊரே உட்கார்ந்து கேட்கும். சாமி கோபித்துக்கொள்ளும், இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. அதைப் பாடாவிட்டால்தான் கொடை குறைபட்டதாக ஆகும். நாஞ்சில் நாட்டுக்கு வெளியே போனால் சுந்தரர் இருக்கிறார். கண்பார்வை போனதும் அழுது அடங்கவில்லை. திருவாரூர் வரை சென்று சிவனிடம் நேருக்கு நேர் சண்டை பிடித்தார். பெரியபுராணம் அவரைத் துரோகி என்று தள்ளிவைக்கவில்லை. தன் நாயகனாகவே வைத்துக்கொண்டது.

நக்கீரரைச் சிவன் எரித்தாரே என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். எரித்தார்தான். திருவிளையாடல் கதையில் பொற்றாமரைக் குளத்திலிருந்து அவரை மீட்டதும் அதே சிவன்தான். அதைவிட முக்கியமானது, நக்கீரர் எதைக் குறை சொன்னார் என்பது. சிவனின் குலத்தையோ கோலத்தையோ அவர் தொடவில்லை. ஒரு பாட்டின் பொருளில் குற்றம் கண்டார். அடுத்த பாட்டில் குற்றம் இல்லையென்றால் அவரே முதல் ஆளாக மெச்சியிருப்பார். செயலில் நிற்கிற விமரிசனம், ஆளைத் தொடாத விமரிசனம் என்று நாம் இன்று பாடம் எடுப்பதெல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தெய்வத்துக்கு வலிக்காது, மனிதனுக்கு வலிக்கும் என்பது அது. அதிலும் நம் நாட்டில் விமரிசனம் என்று தொடங்குவது எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. 2007 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் இந்தியா தோற்றபோது, ராஞ்சியில் தோனி கட்டிக்கொண்டிருந்த வீட்டை ஒரு கூட்டம் தாக்கியது. 2020-இல் சென்னை அணி கொல்கத்தாவிடம் தோற்றதற்காக அவருடைய சின்னஞ்சிறு மகளை இணையத்தில் மிரட்டியதாகக் குஜராத்தில் ஒரு பதின்வயதுப் பையனைப் போலீஸ் பிடித்தது. 1994 உலகக் கோப்பைக் கால்பந்தில் தெரியாமல் சொந்த கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபாரை, ஊர் திரும்பிய சில நாளில் சுட்டுக் கொன்றார்கள். இவ்வளவையும் பார்த்த பிறகு, பேசாமல் இருப்பதே நல்லது என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கல்லும் குண்டும் விமரிசனம் முற்றியதால் வந்தவையா? கல்லெறிந்தவன் ஒரு ஷாட்டைப் பற்றியோ ஒரு முடிவைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. மாலை போடுகிறவனும் கல்லெறிகிறவனும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இருவருக்கும் ஆள்தான் கணக்கு, ஆட்டம் பொருட்டில்லை. ஜெயித்தால் சாமி, தோற்றால் துரோகி என்பதற்கு நடுவே ‘நல்ல ஆட்டக்காரர், இன்று தப்பாக முடிவெடுத்தார்’ என்று சொல்ல ஒரு இடம் வேண்டும். அந்த இடத்தை அடைத்துவிட்டால், மாலை கல்லாக மாறுவதற்கு ஒரு தோல்வி போதும். தோனிமேல் அக்கறை உள்ளவர்கள் திறந்துவைக்க வேண்டிய இடம் அது.

நன்றி என்று ஒன்று இல்லையா என்பார்கள். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை கொண்டுவந்தவரை இப்படிக் கேட்கலாமா? வள்ளுவரும் இந்தப் பக்கம் நிற்பதுபோலத் தெரியும். கொல்வது போன்ற கெடுதி ஒருவர் செய்தாலும், முன்பு அவர் செய்த ஒரு நன்மையை நினைத்தால் அது மறைந்துபோகும் என்று செய்ந்நன்றியறிதலில் சொன்னவர் அவர். ஆனால் கெடுதியே நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. நடந்ததை நடந்தது என்று அறிந்தவன்தான் பொறுக்க முடியும்; பிழையே இல்லை என்று சாதிப்பவனுக்குப் பொறுப்பதற்கு என்ன இருக்கிறது? நட்பு அதிகாரத்திலோ, சிரித்து மகிழ்வது மட்டும் நட்பாகாது, எல்லை மீறும்போது முன்னே சென்று இடித்துச் சொல்வதும் அதன் வேலை என்கிறார். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், கெடுக்க எதிரியே இல்லாவிட்டாலும் கெடுவான் என்று இன்னோர் இடத்தில் எச்சரிக்கிறார். அதே வள்ளுவர் புறங்கூறுவதற்கு எதிராக ஒரு அதிகாரமே எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்துப் படித்தால், எது இடித்துரை, எது வசை என்று குழப்பம் வராது.

‘மட்டை பிடிக்கத் தெரியாதவனுக்கு என்ன பேச்சு?’ என்பது அடிக்கடி வருவது, பலம் குறைந்தது. ஆடத் தெரியாதவனுக்குக் குறை சொல்லத் தகுதி இல்லையென்றால், விசிலடிக்கவும் தகுதி இல்லை. விசிலை மட்டும் வாங்கிக்கொள்வது என்ன நியாயம்?

உண்மையாகவே யோசிக்க வைப்பது வேறொரு பதில். ‘எனக்கு ஜெயிப்பதும் தோற்பதும் ஒன்றுதான், நான் தோனியைப் பார்க்க வருகிறேன், அவர் நாலு பந்து ஆடினால் போதும்’ என்கிற ரசிகரின் பதில். பலன் கேட்காத அன்பு; நம் பக்தி மரபு உச்சியில் வைத்த மனநிலை. இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அன்புக்கு விலை கொடுப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். 2023 மே மாதம் சேப்பாக்கத்தில் டெல்லியைச் சென்னை வென்ற ஆட்டத்தில் ஆட்டநாயகன் விருது வாங்கிய ஜடேஜா ஒன்று சொன்னார்: நான் மேலே இறங்கினால் நான் எப்போது அவுட்டாவேன் என்று கூட்டம் காத்திருக்கும் என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொந்த அணியின் ஆட்டக்காரர் சொந்த மைதானத்தில் சொல்ல வேண்டிய வார்த்தையா அது? தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தன் ஊர்ப் பையன் பந்தைத் தவறவிட்டால் ஏசுவார்கள், தவறவிட வேண்டும் என்று காத்திருக்கமாட்டார்கள். 2025-இல் அஸ்வினின் யூடியூப் சேனலில் ஒருவர் பந்துவீச்சாளர் நூர் அகமதைச் சென்னை அணியில் எடுத்ததைக் கேள்வி கேட்டதற்கு எழுந்த கூச்சலில், அந்தத் தொடர் முடியும்வரை சென்னை ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று அந்தச் சேனலே முடிவெடுத்தது. நூர் அந்தத் தொடரில் நன்றாகப் பந்துவீசியவர். கேள்வி கேட்டவருக்கு விக்கெட்டுகளைக் காட்டியே பதில் சொல்லியிருக்கலாம். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. ஒருவருக்குக் கட்டிய வேலி, பத்துப் பேரையும் நிர்வாகத்தையும் தேர்வாளர்களையும் உள்ளே வைத்துக்கொண்டது. பலன் கேட்காத அன்பின் பெயரால் அணிக்குள் யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம் என்ற நிலை வந்தது.

எதிரணிக்காரன் சிரிப்பானே, நம் வீட்டுக் குறையை நாமே தெருவில் பேசலாமா என்று கடைசியாகக் கேட்பவர்களுக்கு, தேரூர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருக்கிறார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிள்ளைகளை விட்டுச் சகோதரியின் மக்களுக்குச் சொத்துப் போகும் தன் சொந்தச் சமூகத்தின் மருமக்கள்வழிச் சொத்துரிமையைக் கிழித்துக் காட்ட ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். குடும்பத் தலைவரான ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி தன் கதையைத் தானே சொல்வதாக. பத்திரிகையில், எல்லோரும் படிக்க, சிரிக்கச் சிரிக்க எழுதினார். வேறு சமூகத்தார் கைகொட்டிச் சிரிப்பார்களே என்று அதைப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவில்லை. 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மக்கள்வழிக்குச் சொத்துரிமை கிடைத்தது. அதற்கு மனங்களைப் பக்குவப்படுத்தியதில் அந்த நூலுக்குப் பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கவிமணியை யாராவது நாஞ்சில் நாட்டுத் துரோகி என்கிறோமா?

2025 தொடரில் சென்னை அணி பட்டியலின் கடைசியில், பத்தாவது இடத்தில் முடிந்தது. அணி தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அணித் தலைவர் ருதுராஜ் முழங்கை அடிபட்டு விலகியது ஒரு காரணம், ஏலத்தில் எடுத்தவர்கள் ஆடாதது ஒரு காரணம். தோனி எந்த இடத்தில் இறங்கினார், தொடரின் நடுவில் தலைமை ஏற்றபோது என்ன செய்தார் என்பதற்கும் ஒரு பங்கு இருக்கும். அது பெரிய பங்கா சிறிய பங்கா என்பதில் ரசிகர்கள் சண்டை போடட்டும். அதைக் கேட்டவரைப் பார்த்து ‘நீ யாருடே?’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.