கடன் கொப்பியும் வாக்கும்

கடைக்காரர், கலைஞர், விளையாட்டு வீரர் அரசியல் பேசலாமா? பேசலாம் என்றே நினைக்கிறேன். கேட்பவர் மறுத்துவிட்டு நிம்மதியாக வீடு போக முடியுமா என்பதுதான் என் கவலை.

மலையகத் தமிழரான இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவை ஆதரித்தார். போர் முடிந்த 2009ஐ மகிழ்ச்சியான ஆண்டு என்று அவர் சொன்னது பல தமிழர் நெஞ்சில் ஆறாத புண்ணைக் கிளறியது. அவரது வாழ்க்கையைச் சொல்லும் '800' படத்தில் விஜய் சேதுபதி நடிக்கத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு மூண்டது. முரளியே கேட்டுக்கொள்ள, 2020 அக்டோபரில் நடிகர் விலகினார். முரளியின் பேச்சு எனக்கும் வலித்தது. ஆனாலும் பேச அவருக்கு உரிமை உண்டு, மறுக்க ரசிகருக்கும் உரிமை உண்டு. நடிகரின் குடும்பத்தை மிரட்ட மட்டும் எவருக்கும் உரிமை இல்லை. முரளியின் பந்துவீச்சை ரசித்தவர் யாரும் அவரிடம் கடன்பட்டவர் அல்லர். பிடிக்காவிட்டால் விலகிப் போகலாம்.

பதுளை மாவட்டத்தின் பசறை, லுணுகலை, ஹாலிஎல தோட்டங்களை அண்டிய கடைகளில் அப்படி விலக முடியாது. சம்பளம் வரும்வரை அரிசியும் மாவும் சீனியும் கொப்பியில் எழுதித்தான் லயத்துக்குப் போகின்றன. பாக்கி வைத்திருக்கும் அம்மாவிடம் "இந்த முறை இவருக்குப் போடுங்க" என்று முதலாளி சொன்னால், "சரிங்க முதலாளி" என்பதைத் தவிர அவர் என்ன சொல்வார்? மலையகத் தமிழர் 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்த சமூகம். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. இவ்வளவு காத்திருந்து பெற்ற வாக்கைக் கடன் கொப்பி தீர்மானிப்பது கொடுமை.

அதற்காக வியாபாரி ஊமையாக இருக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் பதுளையில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்டவர்கள் வாய் திறக்க அஞ்சுவது புரிகிறது. ஆனால் 2021 பெப்ரவரி 5ஆம் தேதி, ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மலையக நகரங்களில் கடைகளும் மூடப்பட்டன. அதுவும் அரசியல்தான். அன்றைய வியாபார நட்டத்தைக் கடைக்காரரே தாங்கினார். தொழிலாளியின் தலையில் சுமத்தவில்லை. கருத்துக்கான விலையைச் சொல்பவரே கொடுத்தால் அந்தக் கருத்துக்கு மதிப்பு உண்டு.

ஆகவே முதலாளிமாரே, உங்கள் அரசியலைக் கூட்டத்தில் பேசுங்கள், சந்தியில் பேசுங்கள், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். கடனுக்குச் சாமான் வாங்க வந்தவரிடம் மட்டும் வாக்குக் கேட்காதீர்கள்.