ஓய்வு நாள் யாருக்காக?

நான்கு நண்பர்கள் சைக்கிளில் நெடும்பயணம் போகிறார்கள். ஐந்தாம் நாள் ஒருவருக்கு முழங்கால் வலி. சொன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார். ஓய்வு வேண்டும் என்று கேட்பதற்கே இப்படி ஒரு கூச்சம் ஏன்?

'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் பந்தயத்தில் இப்போது 21 கட்டங்கள், நடுவே 2 ஓய்வு நாட்கள். அந்த நாட்களிலும் கால் இறுகிவிடாமலிருக்க வீரர்கள் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டுவார்கள். ஓய்வு அங்கே நாளைய ஓட்டத்துக்கான தயாரிப்பு. அரிஸ்டாட்டிலும் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: இளைப்பாறுவது செயலுக்காகத்தான்.

யூதச் சிந்தனையாளர் ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல், 1951இல் வெளியான 'சப்பாத்' என்ற நூலில் இதைத் தலைகீழாக்கினார். வேலைநாட்களுக்காக ஓய்வு நாள் இல்லை. ஓய்வு நாளுக்காகவே வேலைநாட்கள்.

விவிலியத்தின் உபாகமம் இன்னும் ஆழமாகப் போகிறது. ஏழாம் நாளில் வீட்டுத் தலைவன் மட்டுமல்ல, வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன் எல்லாரும் ஓய வேண்டும். காரணம், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்ற நினைவு. மாடு விடுப்பு கேட்க முடியாது. அடிமை கேட்கத் துணியமாட்டான். கேட்க முடியாதவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த நாள். இந்தக் கட்டளையின் அழகே இதில்தான் இருக்கிறது.

அந்த நான்கு நண்பர்களும் பயணத்தின் ஆறாம் நாளை எல்லாருக்குமான ஓய்வு நாள் என்று முன்பே குறித்திருந்தார்கள். கொடியில் ஈரச் சட்டைகள். ஒருவர் மண்ணெண்ணெய்த் துணியால் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் துடைக்கிறார், விரல்களெல்லாம் கறுப்பு. முழங்கால் வலிக்காரர் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். வீக்கம் இப்போதுதான் மற்றவர்கள் கண்ணில் படுகிறது.