அணை உடைந்தது, அரண்மனை பிழைத்தது

பாட்டன் இழைத்த அநீதிக்குப் பேரர் கடன்பட்டவரா? அறநூலார் நெடுங்காலம் வாதித்துவரும் இவ்வினாவைச் சிறுவர்க்கான சித்திரப்படமொன்று எழுப்புகிறது என்றால் நண்பர் சிலர் நகைப்பர். நகைக்கட்டும். 2013 இல் வெளிவந்து பெரும் பொருள் குவித்த 'ஃபுரோசன்' படத்தின் தொடர்ச்சியாக, 2019 இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் படத்தையே குறிப்பிடுகிறோம். தமிழ்க் குரலுடனும் வந்த அதனைப் பலாபத்வலையில் எம் மாணவரோடு அமர்ந்து பார்த்தோம்.

முற்பகுதியில் கதை வழிதெரியாது அலைகிறது. முதற் படத்தை நினைவூட்டும் வேடிக்கைகள் மிகுதி. துகளாய் உதிர்ந்த பனிப்பொம்மை எதிர்பார்த்தவாறே மீண்டுவிடுகிறது. இவை வணிகத்தின் குறைகள், பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.

படத்தின் உயிர் அணைக்கட்டில் இருக்கிறது. அரெண்டல் நாட்டு மன்னன், வனவாசிகளான நோர்துல்ட்ரா மக்களுக்கு அணையொன்றை வெகுமதியாகக் கட்டித் தருகிறான். உண்மையில் அது வெகுமதியன்று. அவர்தம் நிலத்தை நலிவித்து, அவர்களைத் தன் கையை எதிர்பார்க்கச் செய்யும் சூழ்ச்சி. அதனை எடுத்துரைத்த தலைவனை, ஆயுதமின்றி இருந்த வேளையில் மன்னன் வெட்டி வீழ்த்துகிறான். பேத்தியர் எல்ஸாவும் அன்னாவும் பின்னாளில் இதை அறிகின்றனர். அணை உடைந்தால் தம் நகரமே அமிழும். அறிந்தே அன்னா அதனைப் பாறை அரக்கரைக் கொண்டு உடைப்பிக்கிறாள். பெருமுதலாளித்துவ நிறுவனமொன்று குழந்தைகளுக்கு இதைச் சொல்லத் துணிந்தமை சிறிதன்று. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி எனும் பழங்குடியினரின் பிரதிநிதிகளோடு உடன்படிக்கை செய்து, ஆலோசனை பெற்றமையையும் மறைக்கலாகாது.

ஆயின் வெள்ளம் நகரை நெருங்கும் கணத்தில் எல்ஸா பனிச்சுவர் எழுப்பித் தடுத்துவிடுகிறாள். மக்கள் மாளவேண்டுமா என்று கேட்பர். மக்கள்தாம் முன்னரே குன்றேறிவிட்டனரே! காக்கப்பட்டவை உயிர்களல்ல, அரண்மனையும் வீடுகளுமே. கடனை ஒப்புக்கொண்டவள் கையிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர் இயக்குநர்கள்.

எமக்கு இது வெறுங்கதையன்று. 1948 இன் சட்டத்தால் மலையகத் தமிழர் நாடற்றோராயினர். 1964 இன் ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. எஞ்சியோர்க்கு 2003 இன் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. நன்றே, ஆனால் அதனால் எவர் வீட்டு முற்றமும் நனையவில்லை. காணி என்று பேச்செழும்போதுதான் வெள்ளம் அரண்மனையை நெருங்குகிறது.

"ஊரு முழுகியிருந்தா அந்த ராசாத்தி எங்க இருந்திருப்பாங்க, சேர்?" என்றாள் லயத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி. காட்டு மக்களிடம் இடம் கேட்டிருப்பாள் என்றோம்.

"குடுத்திருப்பாங்களா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. மணி அடித்தும் முடியவில்லை.